வாரத்தில் மூன்று நாள் வந்த அலை

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் ஏழு தண்ணி. சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் அச்சாகி வரும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது தேடி வந்தால் வாசல் காவலாளிக்கே ஆள் பிடிபடாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, ஏழு தண்ணியா? மாடில கடைசி ரூம். காலை நல்லாத் துடைச்சிட்டுப் போங்க, இல்லன்னா மனுஷன் சாமியாடிடுவார்" என்று சொல்லி அனுப்புவார்.

பெயர் சும்மா வரவில்லை. ஒரு கண்ணாடிக் குடுவையை அவர் கழுவுகிற அழகைப் பார்த்தவர்கள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். முதலில் குழாய்த் தண்ணீர், அப்புறம் சோப்புத் தண்ணீர், மறுபடி குழாய்த் தண்ணீர், நாலாவது அமிலத் தண்ணீர், அதற்கு மேல் மூன்று தடவை காய்ச்சி வடித்த தண்ணீர். ஆக ஏழு. "ஏழு தண்ணி பாத்தாத்தான் அது கண்ணாடி. அதுவரைக்கும் அது வெறும் பாத்திரம்" என்பார். அதோடு விட்டாரா? கடைசியில் வலது கைக் கட்டைவிரலைக் குடுவையின் கழுத்துக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். 'கிரீச்' என்று சத்தம் வரவேண்டும். வந்தால் சுத்தம். வராவிட்டால் வரும்வரைக்கும் தேய்ப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வருகிற திருப்தி இருக்கிறதே, பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்தால்கூட அவ்வளவு வருமா என்பது சந்தேகம்.

அவர் வேலை அப்படிப்பட்டது, அதையும் சொல்லவேண்டும். போர்ஃபிரின் என்று ஒரு வகைப் பொருள். ரத்தத்தின் சிவப்பும் இலையின் பச்சையும் இந்தக் குடும்பத்துப் பங்காளிகள்தான். பார்க்கக் கருஊதாப் பொடி, கரைத்தால் செவ்வூதா. வளையம்போல இருக்கும், நடுவில் ஒரு காலி இடம். பஸ்ஸில் ஜன்னலோர சீட் காலியாக இருந்தால் எப்படியோ அப்படி, பக்கத்தில் வருகிற உலோகம் எதுவானாலும் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பொருள் எந்த மின்னழுத்தத்தில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது என்று அளப்பதுதான் ஏழு தண்ணியின் தொழில்.

அளப்பது பாதரசத்தால். உயரத்தில் ஒரு குமிழில் பாதரசம் இருக்கும். அதிலிருந்து தலைமயிர் நுழையாத நுண்குழாய் ஒன்று கீழே வந்து போர்ஃபிரின் கரைசலுக்குள் முனையை நீட்டிக்கொண்டிருக்கும். நாலு வினாடிக்கு ஒரு சொட்டு. ஒவ்வொரு சொட்டும் ஒரு புது மின்முனை; பழையது அடியில் போய்ச் சேர, புதியது அப்பழுக்கில்லாமல் பிறக்கும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால், பேனா காகிதத்தில் ரம்பப் பல்லாகக் கோடு போட்டுக்கொண்டு போகும். போர்ஃபிரின் முதல் எலக்ட்ரானை வாங்குகிற இடத்தில் கோடு ஒரு படி ஏறும். இரண்டாவதை வாங்குகிற இடத்தில் இன்னொரு படி. இதற்கு அலை என்று பெயர். பார்த்தால் மாடிப்படி மாதிரி இருப்பதற்கு ஏன் அலை என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்கக்கூடாது. படித்தவர்கள் வைத்த பெயர்.

இரண்டு அலை. ஊர் உலகத்தில் எல்லாருக்கும் இரண்டுதான் வரும். ஏழு தண்ணிக்கு மூன்று வந்தது.

முதல் படிக்கும் இரண்டாவது படிக்கும் நடுவில், சின்னதாக, சமர்த்தாக ஒரு படி. முதல் தடவை அதைப் பார்த்த அன்று மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினமும் வரவில்லை என்பது மட்டும்தான் குறை. சில நாள் வரும், சில நாள் வராது. அதற்கும் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார். பாதரசத்தின் மேல் போர்ஃபிரின் படிந்து புதுசாக ஏதோ நிலை உண்டாகிறது. அது பரம சுத்தமான நாளில் மட்டும்தான் தலைகாட்டும். துளி அழுக்கு இருந்தாலும் ஓடி ஒளிந்துகொள்ளும். அலை வந்தால் அன்றைக்குக் குடுவை சுத்தம். வராவிட்டால் எங்கோ அழுக்கு. இந்தக் கணக்கில் எங்கேயும் ஓட்டை இல்லை என்று அவர் மனசார நம்பினார். வராத நாள் காகிதங்களை எல்லாம் 'அழுக்கு நாள்' என்று எழுதி ஒரு கட்டாகக் கட்டி அலமாரிக்கு மேல் போட்டார்.

அதே அறையில் எதிர் மேஜையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். அவரைவிட எட்டு வயது சின்னவள். அவர் அவளைத் தங்கச்சி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். அண்ணனுக்கு ஒரு வழக்கம்: காலையில் அவள் உள்ளே நுழைந்ததும், "கையக் காட்டு" என்பார். அவள் இரண்டு கையையும் நீட்டுவாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். "சரி, போ."

"அண்ணே, நகம் வெட்டினதுக்கு மார்க் ஏதாவது உண்டா?" என்று அவள் சிரிப்பாள்.

"சிரி, சிரி. பாதரசத்துக்குத் தெரியும் யார் கை எப்படின்னு."

இத்தனைக்கும் அவள் வேலை செய்யும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொள்கிறவள். அது அவருக்கு ஆகாது. உள்ளே மாவு தடவியிருப்பான், அது பறந்து கரைசலில் விழும் என்பது ஒரு புகார். "கை படாம கண்ணாடியோட மனசு எப்படித் தெரியும்?" என்பது இன்னொன்று. கையுறைக்குள் கட்டைவிரல் இருந்தால் கிரீச் எங்கே வரும்?

தங்கச்சி அதே போர்ஃபிரினைப் பதினாலு தடவை அளந்தாள். பதினாலு தடவையும் இரண்டே அலை.

"அண்ணே, உள்ள ஏதாவது உலோகம் போய் உக்காந்திருக்குமோ? அதுக்குத்தான் நடுவுல ஒரு படி வருதோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "உலோகமா? ஏழு தண்ணில எந்த உலோகம் நிக்கும், தங்கச்சி?" சொன்னாரே தவிர, சும்மா இருக்கவில்லை. பாதரசத்தை அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விழவிட்டு ஒரு வாரம் கழுவினார். கரைப்பானை மறுபடி காய்ச்சி வடித்தார். நைட்ரஜன் சிலிண்டரை மாற்றினார். தண்ணீரைச் சோதித்தார். எல்லாம் சுத்தம். அலை மட்டும் தன்பாட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம் வெறும் ஆராய்ச்சித் தகராறாக இருந்தால் பரவாயில்லை. துறையில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாகியிருந்தது. இரண்டு பேருமே வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கிறவர்கள். அடுத்த வருஷத்தோடு அதுவும் நிற்கப்போகிறது என்று பேச்சு. வேலை இருவரில் ஒருவருக்கு. துறைத் தலைவியான அம்மாள், மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்க?" என்று கேட்கிறவர். அவர் ஏழு தண்ணியைக் கூப்பிட்டு, "மூணாவது அலை நிஜம்னா அது பெரிய விஷயம், வேலை உங்களுக்குத்தான். ஆனா இவளுக்கு ஏன் வரல?" என்று கேட்டார்.

அந்த இடத்தில்தான் மனுஷன் வாயை விட்டார். "கழுவறதுல அவளுக்குக் கொஞ்சம் அவசரம், மேடம்."

ஒரே ஒரு வாக்கியம். கெட்ட எண்ணத்தில் சொன்னதுகூட இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். மறுநாளே மேடம் தங்கச்சியை அளவு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஒரு மாசம் குடுவை மட்டும் கழுவட்டும், ஏழு தண்ணியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று உத்தரவு. தங்கச்சி கழுவுகிற தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை அவள் ஒரு கேலிகூடப் பண்ணவில்லை என்பதை அவர் கவனித்தார், கவனித்ததோடு சரி.

மேடம் வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருவார். அவர் கண்ணெதிரில் அளந்து காட்டவேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது தங்கச்சி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். மாசக் காலண்டர் தாள்கள் மூன்று. அலை வந்த தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள்.

"சும்மா கழுவிக்கிட்டே இருந்தா கை வேற ஏதாவது கேக்குது அண்ணே. உங்க நோட்டுல இருந்த தேதியெல்லாம் எடுத்து வட்டம் போட்டேன். பாருங்க, உங்க அலை ரொம்ப ஒழுங்கு. செவ்வாய், வியாழன், சனி. வாரத்துக்கு மூணே நாள்தான் டியூட்டி. இப்படி ஒரு வேலை நமக்குக் கிடைக்குமா?"

அவர் பார்த்தார். வட்டங்கள் மூன்று வரிசையாக, தூண் நட்டமாதிரி நின்றன. "தற்செயலா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரி மருந்துக் கௌண்டரில் மருந்தாளர். ஐந்து மாசக் குழந்தை பாயில் மல்லாந்து படுத்துத் தன் காலைத் தானே பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி என்று கூப்பிடுவார்கள். குட்டிக்கு மென்மையான தோல். ஈரத்துணி கொஞ்ச நேரம் பட்டால் போதும், சிவந்து தடித்துவிடும்.

"முகம் ஏன் மூணு முழம் தொங்குது? மறுபடி மோதிரம் ஏதாவது வெளுத்துப் போச்சா?" என்றாள் மனைவி. கல்யாணமான புதிதில் தங்க மோதிரத்தோடு பாதரசத்தில் கைவைத்து, அது வெள்ளி மாதிரி வெளுத்துப்போய் வீட்டுக்கு வந்தவர் அவர். ஆறு வருஷம் ஆகிறது. அந்த மோதிரத்தை அவள் அவரை மறக்கவிட்டதே இல்லை.

அவர் காலண்டர் தாள்களைத் தரையில் பரப்பினார். அவள் எட்டிப் பார்த்தாள். மடித்துக்கொண்டிருந்த துணி கையிலேயே நின்றது.

"ஏங்க, என்னோட டியூட்டி சார்ட்ட எதுக்கு ஆபீஸ்ல இருந்து கொண்டு வந்திருக்கீங்க?"

"உன் டியூட்டி சார்ட்டா?"

"பின்ன? செவ்வாய், வியாழன், சனி எனக்கு காலை ஷிஃப்ட். இந்தப் பத்தாம் தேதி மட்டும் வட்டம் இல்ல பாருங்க, அன்னிக்கு எனக்கு ஜுரம், லீவு போட்டேன்."

"வட்டம் போட்டதெல்லாம் என் அலை வந்த நாள்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள். "அந்த நாள்ல எல்லாம் காலைல நீங்க என்ன பண்றீங்க?"

"என்ன பண்ணுவேன்? குட்டியப் பாத்துக்கறேன். துடைச்சு, மருந்து போட்டு, துணி மாத்தி, பக்கத்து வீட்டு அக்காகிட்ட விட்டுட்டுப் போறேன்."

"மருந்து எந்த விரலால போடுவீங்க?"

அவர் தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தார். அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து வெள்ளை ட்யூபை எடுத்துவந்தாள். பின்பக்கம் திருப்பி, கௌண்டரில் நோயாளிகளுக்குப் படித்துக் காட்டுகிற அதே குரலில் படித்தாள்: "ஜிங்க் ஆக்ஸைடு, பத்து சதவீதம்."

துத்தநாகம். உலகத்தில் எத்தனையோ உலோகம் இருக்க, காலி இடத்தைக் கண்டால் ஓடிப்போய் உட்காருவதில் முன்னணியில் நிற்கிற உலோகம். சோப்புப் போட்டாலும் லேசில் போகாத களிம்பில் குழைத்து, வாரம் மூன்று நாள் அவரே கட்டைவிரலில் சுமந்துகொண்டு போய், ஏழு தண்ணி பார்த்த குடுவையின் கழுத்தில் பக்தியோடு தடவியிருக்கிறார். அந்த நாட்களில் கிரீச் சத்தம் லேசில் வராது என்பதும், வரும்வரைக்கும் விடாமல் தேய்த்தோம் என்பதும் இப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. போர்ஃபிரின் எளிதில் கரையாது என்று வெந்நீரில் வைத்துச் சூடு வேறு காட்டுவார்; சூட்டில் உலோகம் இன்னும் வேகமாகப் போய் உட்காரும். உட்கார வந்தவனுக்கு விசிறியும் வீசியிருக்கிறார்.

மனைவிக்கு முதலில் உதடு துடித்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மடித்த துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அம்மா சிரிப்பதைப் பார்த்துக் குட்டியும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. "மூணு மாசமா உங்க பொண்ணோட மருந்தையா அளந்துக்கிட்டு இருந்தீங்க?"

"சிரிக்காத. வேலையே போச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அப்புறம் அவள் மெதுவாக, "இது யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"உனக்கும் எனக்கும்."

"வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட் இல்ல" என்றாள் அவள், ட்யூபின் மூடியைத் திருகிக்கொண்டே. "ஆனா நீங்க ஆசைப்பட்டா குட்டிய நீங்களே பாத்துக்கலாம். அலை வந்துடும்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னபின் அந்தக் கேலி கூடத்தில் அப்படியே நின்றது. நிஜம்தானே. ஒரு களிம்புத் துளி, ஒரு கட்டைவிரல், வேலை நிரந்தரம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, ஆசையாகவும் இருந்தது. அதை ஒளிப்பானேன்?

வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்தில் ஒளிந்து ஒளிந்து சோதித்துப் பார்த்தார். காலையில் குட்டிக்கு மருந்து போட்ட கையோடு கிரீச் பார்த்த குடுவையில் மூன்று அலை. கழுத்தைத் தொடாமலே வைத்த குடுவையில் இரண்டு. அவ்வளவுதான். தொட்டிப் பக்கம் தங்கச்சி அன்றைக்கு முப்பத்தெட்டாவது குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. காலையில் வழக்கம்போல அந்தக் கையைத்தான் திருப்பிப் பார்த்து "சரி, போ" என்றிருந்தார். தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

வெள்ளிக்கிழமை காலை அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி இடுப்பில் குட்டியும் கையில் ட்யூபுமாக வந்து வாசல்நிலையில் நின்றாள்.

"நீங்க போடறீங்களா, நான் போடட்டுமா?"

கேலி இல்லை. குரல் சாதாரணமாக இருந்தது. எது சொன்னாலும் இவள் மறுபேச்சுப் பேசமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. குட்டி அவரைப் பார்த்துக் கையை நீட்டியது.

"நீயே போட்டு விடு" என்றார். "போட்டுட்டு, ட்யூப மட்டும் என்கிட்ட குடு."

ஆய்வுக்கூடத்தில் நிபுணர் வந்துவிட்டிருந்தார். வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, எதையும் நம்பாத முகம். மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கச்சி தொட்டியோரம் ஒதுங்கி நின்றாள்.

"ஆரம்பிங்க" என்றார் மேடம்.

"முதல்ல தங்கச்சி அளக்கட்டும், மேடம்."

"அவளுக்குத்தான் கழுவ வரலன்னு நீங்களே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார். காது மடல் சூடாகியது. "அவ கழுவின குடுவையிலேயே அளக்கட்டும்."

தங்கச்சி சந்தேகமாகப் பார்த்தாள். ஆனாலும் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். பொடியை நிறுத்துப் போட்டாள், சூடுகாட்டிக் கரைத்தாள், நைட்ரஜனைப் பத்து நிமிஷம் குமிழ்விட்டு ஆக்ஸிஜனை விரட்டினாள். பாதரசம் நாலு வினாடிக்கு ஒன்றாகச் சொட்டியது. பேனா பல் பல்லாக ஏறியது. ஒரு படி, நடுவில் சமதரை, இன்னொரு படி. தண்ணீர் மட்டம் பார்த்துப் போட்டமாதிரி சுத்தமான கோடு.

"ரெண்டுதான்" என்றார் நிபுணர். குரலில் கொஞ்சம் திருப்தி. எதையும் நம்பாதவர்களுக்கு இதெல்லாம் ஒரு சந்தோஷம்.

ஏழு தண்ணி பையைத் திறந்து ட்யூபை எடுத்து மேஜைமேல் வைத்தார். மேடத்தின் புருவம் ஏறியது. அவர் ஒரு பொட்டுக் களிம்பைக் கட்டைவிரலில் எடுத்துத் தேய்த்து, சோப்புப் போட்டு எல்லார் எதிரிலும் கழுவினார். தங்கச்சி கழுவிவைத்த இன்னொரு குடுவையை எடுத்தார். கழுத்துக்குள் கட்டைவிரலை விட்டுச் சுற்றினார். கிரீச் வரவில்லை. வரும்வரை தேய்த்தார். அந்த அமைதியில் அவர் தேய்ப்பது எல்லாருக்கும் கேட்டது. முப்பத்தொன்பது வயதில் இப்படி நாலு பேர் பார்க்க நிற்பது அவருக்கு அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது.

பிறகு அதே பொடி, அதே சூடு, அதே நைட்ரஜன். பேனா முதல் படி ஏறியது. கொஞ்ச தூரம் போயிற்று. அப்புறம் நடுவில், சின்னதாக, சமர்த்தாக, மூன்று மாசமாக அவர் செல்லம் கொடுத்து வளர்த்த அந்தப் படி எழுந்து நின்றது.

"இதுதான் மேடம் என் அலை. ஜிங்க் போர்ஃபிரின். குழந்தைக்குப் போடற மருந்துல இருந்து என் விரல் வழியா உள்ள போயிருக்கு. மூணு மாசமா சுத்தம்னு நான் சொன்னதெல்லாம் அழுக்கு நாள். அழுக்குன்னு கட்டி மேல போட்டதுதான் சுத்தமான நாள்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இவ கழுவினதுல ஒரு குத்தமும் இல்ல. இவமேல பழி போட்டது தப்பு. தங்கச்சி, என்னை மன்னிச்சுடு."

ஒரு பாதரசச் சொட்டு விழுந்தது. மேடம் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ட்யூபைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார்.

"ஆதாரம் இருக்கு" என்றார். "உங்க வாழ்க்கைலேயே இவ்வளவு கச்சிதமா நீங்க எதையும் நிரூபிச்சதில்ல."

நிபுணர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. "குழந்தைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"பரவால்ல சார். சிவப்பு அடங்கிடுச்சு."

வேலை தங்கச்சிக்குப் போயிற்று. போகத்தான் வேண்டும், அதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. ஏழு தண்ணிக்கு இன்னும் ஒரு வருஷ ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார் மேடம். அதற்கப்புறம் பார்க்கலாம் என்றார். மூன்றாவது அலையைப் பற்றி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்த கட்டுரையை ஏழு தண்ணியே கடிதம் எழுதித் திரும்பப் பெற்றார். வீட்டில் மனைவிக்கு மோதிரத்தோடு சேர்த்துச் சொல்லிக்காட்ட இன்னொன்று கிடைத்தது. "உங்க அப்பா கண்டுபிடிச்ச அலைடி" என்று ட்யூபை ஆட்டி ஆட்டிக் குட்டியிடம் சொல்வாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுப்படி ஏறியபோது, அவள் ஒரு கேலியும் பண்ணாமல் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது அவருக்கு மறக்காது.

தங்கச்சி புதுப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. குட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஏழு தண்ணி அவசர அவசரமாக வந்து சேர்ந்தார். வழக்கம்போலத் தொட்டிப் பக்கம் போய்க் குடுவையில் கைவைக்கப் போனார்.

"அண்ணே."

"என்ன தங்கச்சி?"

"கையக் காட்டுங்க."

அவர் விளையாட்டு என்று நினைத்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மெதுவாக இரண்டு கையையும் நீட்டினார். அவள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலில் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். அதற்கு எத்தனை வினாடி ஆகியிருக்கும்? இரண்டு சொட்டு விழுகிற நேரம்கூட இருக்காது. அந்த நேரத்துக்குள் அவருக்குக் கழுத்துவரைக்கும் கூசிவிட்டது. மூன்று வருஷம், தினம் தினம், அவள் இப்படி நின்றிருக்கிறாள். நின்றுகொண்டு சிரித்தும் இருக்கிறாள்.

"நகம் வெட்டினதுக்கு மார்க் ஏதாவது உண்டா?" என்றார்.

அப்போதுதான் அவள் சிரித்தாள். பெட்டியிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரி, போங்க" என்றாள்.

அவர் அதை மாட்டிக்கொண்டு குடுவையைக் கழுவ ஆரம்பித்தார். அன்றைக்கு இரண்டு அலைதான் வந்தது.